பூங்கோதைக்கு மயக்கம்

டிசம்பர் 7, ஞாயிறு

ஓட ஆரம்பிப்பவர்கள் நாட்குறிப்பு எழுத வேண்டுமாம். எவ்வளவு ஓடினோம், என்ன சாப்பிட்டோம், எங்கே வலித்தது என்று எல்லாவற்றையும். ஜெபமணி சார் சொன்னார். வங்கியிலிருந்து ஓய்வுபெற்றவர், எங்கள் ரேஸ்கோர்ஸ் மைதான ஓட்டக் குழுவுக்குத் தலைவர். அவர் சொல்லி நான் எதையும் தட்டியதில்லை. இன்று முதல் எழுதுகிறேன்.

முக்கியமான செய்தி: பெயர் கொடுத்துவிட்டேன். பிப்ரவரி கடைசியில் பாம்பன் பாலத்தின் மேல் ஒரு ஓட்டப்பந்தயம். மண்டபம் பக்கம் தொடங்கி, பாலத்தைக் கடந்து, ராமேசுவரம் வரை இருபத்தொரு கிலோமீட்டர். இரண்டு பக்கமும் கடல். இதில் குடும்பப் பிரிவு என்று ஒன்று உண்டு. மூன்று பேர் சேர்ந்து ஓடி, மூன்று பேரும் ஒன்றாகக் கோட்டைத் தாண்ட வேண்டும். ஒருவர் குறைந்தாலும் குடும்பப் பதக்கம் கிடையாது. நான், பூங்கோதை, மதுவந்தி. பதக்கத்தோடு படம் எடுத்து நம் டிரைவிங் ஸ்கூல் வாசலில் பேனராக வைக்கலாம் என்று நினைத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து சொன்னேன்.

"யாரைக் கேட்டு எம்பேரைக் குடுத்தீங்க?" என்றாள் பூங்கோதை. கையில் தோசைக் கரண்டி.

"கேட்டா வேணாம்னுதான சொல்லுவ?"

"ஆமா."

"அதான் கேக்கல."

மது சிரித்துவிட்டாள். கல்லூரியில் மூன்றாம் வருடம் படிக்கிறாள், கூடைப்பந்து ஆடுகிற பெண். அவளைப் பற்றிக் கவலையில்லை. கவலையெல்லாம் பூங்கோதையை நினைத்துத்தான்.

டிசம்பர் 14, ஞாயிறு

முதல் பயிற்சி. பூங்கோதை இரண்டாவது சுற்றிலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். நர்சரிப் பள்ளியில் டீச்சர், நாள் முழுக்க நின்று பழக்கம் உண்டு, ஓடிப் பழக்கமில்லை.

"நம்ம வண்டி இன்னும் முதல் கியரை விட்டே வரலயே!" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. ஜெபமணி சார், குழுவில் ஓடுகிற பர்வீன் மேடம் எல்லோரும் சிரித்தார்கள். பூங்கோதையும் சிரித்தாள். மது மட்டும் சிரிக்காமல் ஷூ லேஸை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

இருபது வருடமாக ஆட்களைப் பக்கத்தில் உட்காரவைத்து வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவன் நான். கொஞ்சம் கேலி செய்தால்தான் ரோஷம் வந்து கற்றுக்கொள்வார்கள்.

டிசம்பர் 27, சனி

மழை. ஓடவில்லை. பஜ்ஜி.

ஜனவரி 4, ஞாயிறு

பூங்கோதை தினமும் விடியற்காலையில் நம் வீட்டு மொட்டைமாடியில் ஓடுகிறாளாம். "ஒரு நா வந்து பாருங்களேன், சரியா ஓடுறேனான்னு சொல்லுங்க" என்றாள். எனக்கு மாடி ஒத்துக்கொள்ளாது. படி ஏறினால் மூட்டு பிடித்துக்கொள்ளும். வீடு கட்டிய நாளிலிருந்தே துணி காயப்போடுவது, தண்ணீர்த் தொட்டி பார்ப்பது எல்லாம் அவள்தான்.

இன்று மைதானத்தில் பத்து கிலோமீட்டர் ஓடினேன். மூட்டில் ஒரு தொந்தரவும் இல்லை.

ஜனவரி 18, ஞாயிறு

பொங்கல் முடிந்து உடம்பு கனமாக இருக்கிறது. நான்காவது சுற்றில் பூங்கோதையும் மதுவும் என்னைத் தாண்டிப் போய்விட்டார்கள். கூப்பிட்டு நிறுத்தினேன். குடும்பப் பிரிவில் தனித்தனியாக ஓடக் கூடாது, ஆளுக்கொரு வேகம் வைத்துக்கொண்டால் அது குடும்பமா என்று விளக்கினேன்.

"அப்ப யார் வேகத்துல போறது?" என்றாள் மது.

"நம்ம மூணு பேருல யாரு சீனியரோ அவங்க வேகத்துல."

பூங்கோதை என் பக்கத்தில் வந்து ஓடினாள். ஓடிக்கொண்டே என்னோடு பேசினாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஓடும்போது பேசக் கூடாது என்பது என் கொள்கை.

பிப்ரவரி 8, ஞாயிறு

அழகர்கோவில் ரோட்டில் நீண்ட ஓட்டம். ஜெபமணி சார் பூங்கோதையைக் காட்டி, "உங்க வீட்டம்மா ரொம்ப சீரா ஓடுறாங்க சார்" என்றார். சொல்லிக்கொடுக்கிறவர் சரியாக இருந்தால் யாரும் ஓடலாம் என்றேன்.

திரும்பி வரும்போது காரில் அவள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். அவள் பாடி நான் கேட்டு எவ்வளவோ நாளாகிறது.

பிப்ரவரி 21, சனி. மண்டபம்

சாயங்காலம் வந்து சேர்ந்தோம். லாட்ஜ் ஜன்னலைத் திறந்தால் கருவாட்டு வாசனையோடு காற்று அடிக்கிறது. தூரத்தில் பாலம் தெரிகிறது.

"ஒரு எட்டு போயி பாலத்துல நடந்துட்டு வருவமாங்க? காலைல ஓடுறப்ப பாக்க முடியுமோ முடியாதோ" என்றாள் பூங்கோதை. காலுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்று மறுத்துவிட்டேன். அவளும் மதுவும் போய்விட்டு, முகமெல்லாம் மலர்ந்து திரும்பி வந்தார்கள். கீழே படகுகள் வரிசையாகப் போனதாம், பக்கத்து ரயில் பாலத்தில் ரயில் வந்ததாம்.

என்னால் சரியாகச் சாப்பிட முடியவில்லை. மீன் அவ்வளவு நன்றாக இல்லை. அவர்கள் இருவரும் இன்னொரு தட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

பிப்ரவரி 22, ஞாயிறு

ஓட்டம் முடிந்தது. பாலத்தில் பூங்கோதைக்கு மயக்கம். முதலுதவி வேனில் அவளைக் கூட்டிக்கொண்டு நானும் போக வேண்டியதாயிற்று. மது மட்டும் தனியாக ஓடி முடித்தாள். குடும்பப் பதக்கம் இல்லை.

பிப்ரவரி 23, திங்கள்

ஓட்டக் குழுவின் வாட்ஸ்அப்பில் நிறைய செய்திகள். "சிஸ்டர் உடம்பு எப்படி இருக்கு?" "வெறும் வயித்துல ஓடினாங்களா?" "ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பாருங்க." பூங்கோதையும் அந்தக் குழுவில் இருக்கிறாள். எல்லாவற்றுக்கும் ஒரே பதில் போட்டிருந்தாள்: "இப்ப பரவாயில்லை, நன்றி."

டிரைவிங் ஸ்கூலுக்கு வந்தவர்களும் கேட்டார்கள். குடும்பத்தை விட்டுவிட்டு ஓடிப் பதக்கம் வாங்குகிற ஆள் நான் இல்லை என்று சொன்னேன். நல்ல மனிதர் சார் நீங்கள் என்றார் ஒருவர்.

பிப்ரவரி 25, புதன்

மது என்னோடு பேசி மூன்று நாளாகிறது. பரீட்சை நேரம்.

பிப்ரவரி 26, வியாழன்

சாயங்காலம் பர்வீன் மேடம் வீட்டுக்கு வந்தார். ஒரு பை நிறைய மாதுளம்பழம். பூங்கோதையின் கண் இமையை இழுத்துப் பார்த்து, ரத்தம் கம்மியாகத்தான் இருக்கும், பேரீச்சம்பழம் சாப்பிடு, முருங்கைக்கீரை சாப்பிடு, அடுத்த தடவை நடைப் பிரிவில் சேர்ந்துகொள் என்றெல்லாம் அரை மணி நேரம் சொன்னார். பூங்கோதை தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். நான் கட்டிலில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே பக்கத்தைத்தான் பார்த்தேன்.

அவர் போனதும் மது உள் அறையிலிருந்து வந்து என் முன்னால் நின்றாள்.

"நீங்களாச் சொல்லிருவீங்கன்னு நாலு நாளா இருக்கேம்ப்பா."

"எதை?"

"எதையா?"

"மது, விடு" என்றாள் பூங்கோதை.

"நீ ஏம்மா தலையாட்டிக்கிட்டு உக்காந்திருக்க? உனக்கு ரத்தம் கம்மியா? உனக்கா?" பையிலிருந்து ஒரு மாதுளம்பழத்தை எடுத்து என் மடியில் வைத்தாள். "நீங்க சாப்பிடுங்கப்பா. உங்களுக்குத்தான் வேணும்."

கதவைச் சாத்திக்கொண்டாள். பூங்கோதை பழங்களைக் கழுவப் போய்விட்டாள்.

பிப்ரவரி 27, வெள்ளி

மத்தியானம். டிரைவிங் ஸ்கூலில் யாரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை எழுதியதைத் திருப்பிப் படித்தேன். இந்த நோட்டை என்னைத் தவிர யாரும் படிப்பதில்லை. இதிலும் ஏன் அப்படி எழுதினேன் என்று தெரியவில்லை.

நடந்ததை எழுதுகிறேன்.

பாலம் மேடாகிற இடம் வரை எனக்கு ஒன்றுமில்லை. காரில் எத்தனையோ தடவை அந்தப் பாலத்தைக் கடந்திருக்கிறேன். ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு ரோட்டை மட்டும் பார்த்தால் பாலம் என்றே தோன்றாது. கால்நடையாகப் போகும்போதுதான் பக்கச்சுவர் இடுப்பு உயரம்தான் என்று தெரிந்தது. காற்று ஆளைத் தள்ளியது. பாலத்தின் இரண்டு துண்டுகள் சேருகிற இடத்தில் ஒரு இரும்புப் பட்டை. நான் அதில் கால் வைத்த நேரம் முதலுதவி வேன் எங்களைத் தாண்டிப் போனது. காலுக்குக் கீழே பாலம் அதிர்ந்தது. பக்கத்தில் பார்த்தேன். பச்சைத் தண்ணீர், வெகு ஆழத்தில். ஒரு படகு பாலத்துக்கு அடியில் நுழைந்துகொண்டிருந்தது, அதில் நின்ற ஆள் அண்ணாந்து எங்களைப் பார்த்துக் கையசைத்தான்.

குனிந்துவிட்டேன்.

"என்னங்க?" என்றாள் பூங்கோதை.

"ஒண்ணுமில்ல. லேஸ்."

லேஸ் அவிழவில்லை. குனிந்தவனால் நிமிர முடியவில்லை. முதலில் ஒரு கையை, பிறகு இரண்டு கையையும் தரையில் ஊன்றினேன். மற்றவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு ஓடினார்கள். நான் தவழ்கிற பிள்ளை மாதிரி நடுரோட்டில் இருந்தேன். அழுதேன். இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். அழுதேன்.

பூங்கோதை எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். பள்ளிக்கூடம் திறக்கும் முதல் வாரத்தில் அழுகிற பிள்ளைகளிடம் அவள் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அதே குரல்.

"எம்முகத்தைப் பாருங்க. அங்கிட்டுப் பாக்காதீங்க. எம்முகத்தை மட்டும் பாருங்க."

"என்னை விட்டுட்டுப் போயிராத."

"எங்க போறேன்? இங்கனதான இருக்கேன்."

"போயிராத பூங்கோதை."

"மாட்டேங்க. எந்திரிங்க. மது, அப்பாவை அந்தப் பக்கம் புடி. ரோட்டு நடுவுல கோடு தெரியுதா? அதை மட்டும் பாத்துக்கிட்டு வாங்க. ஓட வேணாம். நடப்போம்."

நடந்தோம். அவள் கையை என் இரண்டு கைகளாலும் பிடித்திருந்தேன். இரண்டு விளக்குக் கம்பங்களைத் தாண்டினோம். அவள் ஏதோ பேசிக்கொண்டே வந்தாள், அவள் வகுப்பில் ஒரு பையன் டிபன் பாக்ஸுக்குள் பொன்வண்டு வைத்திருந்த கதை. மூச்சு கொஞ்சம் சீராயிற்று. அப்படியே போயிருந்தால் போய்ச் சேர்ந்திருப்போம். நேரம் ஆகியிருக்கும், ஆனால் மூன்று பேரும் போய்ச் சேர்ந்திருப்போம்.

பின்னாலிருந்து ஜெபமணி சாரின் குரல் கேட்டது. குழு முழுவதும் வந்துகொண்டிருந்தது. "என்னாச்சு தனசேகர் சார்?"

நான் நிமிர்ந்து நின்றேன். கையை அவள் கையிலிருந்து எடுத்தேன். "பூங்கோதைக்கு மயக்கம் சார்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். முகம் வேர்த்திருந்தது, கன்னம் சிவந்திருந்தது. அவ்வளவு தெம்பான முகத்தைப் பார்த்து யாரும் மயக்கம் என்று நம்ப மாட்டார்கள் என்று எனக்கே பட்டது. அதனால் அவள் தோளில் கை வைத்து அமுக்கினேன். "உக்காரு" என்றேன். "உக்காரு பூங்கோதை."

உட்கார்ந்தாள்.

யாரோ உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் கொடுத்தார்கள். குடித்தாள். யாரோ காலைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார்கள். பிடிக்கவிட்டாள். மது எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ராமேசுவரம் பக்கம் திரும்பி ஓட ஆரம்பித்தாள். அவ்வளவு வேகமாக அவள் ஓடி நான் பார்த்ததில்லை.

வேனில் பூங்கோதையைப் படுக்கவைத்தார்கள். நான் கீழே உட்கார்ந்து, அவள் படுத்திருந்த படுக்கையின் விளிம்பில் நெற்றியை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். பாலம் முடியும்வரை திறக்கவில்லை. வேனில் இருந்த நர்ஸ் பெண் என் முதுகில் தட்டி, "தைரியமா இருங்க சார், மேடத்துக்கு ஒண்ணும் ஆகாது" என்றாள்.

பூங்கோதை வேன் கூரையைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள்.

மார்ச் 1, ஞாயிறு

மைதானத்தில் இன்று சொல்லிவிடுவது என்று போனேன்.

ஜெபமணி சார் எல்லோரையும் வட்டமாக நிற்கவைத்து, உடம்பைக் கேட்டு ஓட வேண்டும், நம் சகோதரிக்கு நடந்தது எல்லோருக்கும் பாடம் என்று பேசினார். புதிதாகச் சேர்ந்த ஒரு ஆள், "முதல் கியர் வண்டிய பாலத்துல ஏத்தினா இப்படித்தான் சார் ஆகும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சொன்ன கேலி என்னை விட்டு எத்தனை பேரிடம் போயிருக்கிறது!

பூங்கோதை இந்தத் தடவை சிரிக்கவில்லை. நான் வாயைத் திறந்தேன். தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்துவிட்டு மூடினேன்.

அவள் தனியாக ஓடப் போனாள். எத்தனை சுற்று என்று எண்ணவில்லை. நான் காரில் போய் உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 4, புதன்

பூங்கோதை சாம்பாரில் உப்பு போட மறந்துவிட்டாள். நான் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டேன். இதை ஒரு நல்ல காரியமாக நினைத்துக்கொண்டேன் என்பதையும் எழுதிவைக்கிறேன்.

மார்ச் 8, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

எல்லோரும் ஓடி முடித்துச் சுக்குமல்லிக் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, "ஒரு விஷயம்" என்றேன். பாலத்தில் பயந்தது நான், மயக்கம் எதுவும் பூங்கோதைக்கு வரவில்லை, அவளை நான்தான் பிடித்து உட்காரவைத்தேன் என்றேன். வேறு மாதிரி சொல்ல இரண்டு மூன்று வழி யோசித்து வைத்திருந்தேன். வாய்க்கு வந்தது இதுதான்.

ஜெபமணி சார், "அட, விடுங்க சார். எனக்கே லிஃப்ட்ல ஏறுறதுன்னா கை நடுங்கும்" என்றார். சிலர் சிரித்தார்கள். ஒருவர் என் முதுகில் தட்டினார். இவ்வளவு சுலபமாக முடிந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை.

பர்வீன் மேடம் சிரிக்கவில்லை. பூங்கோதையைப் பார்த்து, "அப்ப அந்த மாதுளம்பழமெல்லாம்?" என்றார்.

"ஜூஸ் போட்டு மது குடிச்சிட்டா மேடம்" என்றாள் பூங்கோதை.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேம்மா."

அவள் காலி டம்ளர்களை அடுக்க ஆரம்பித்தாள்.

காரில் வரும்போது நான், "எல்லார்ட்டயும் சொல்லியாச்சு. இப்பத் திருப்தியா?" என்றேன். கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வி எப்படிப்பட்டது என்று காதில் விழுந்தது.

சிக்னல் மாறியதும் சொன்னாள்:

"நீங்க பயந்ததை நான் ஒரு நிமிசங்கூடத் தப்பா நெனைக்கலங்க. எல்லாருக்கும் ஏதாவது ஒரு பயம் இருக்கும். கல்யாணமாகி இத்தனை வருசத்துல அன்னைக்குத்தான் எங்கையப் புடிச்சு, போயிராதன்னு சொன்னீங்க. எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? ரெண்டு கம்பம் தூரம் நடந்தோம்ல, அப்பப் பதக்கமாவது ஒண்ணாவது, இப்படியே ராமேசுவரம் வரைக்கும் நடந்துரலாம்னு இருந்துச்சு எனக்கு. அடுத்த நிமிசம் தோளைப் புடிச்சு அமுக்குறீங்க."

நான் வண்டியை ஓரமாக நிறுத்தினேன்.

"அப்புறம் இன்னொண்ணு" என்றாள். "நான் ஓடி முடிச்சிருப்பேங்க. அன்னைக்கு எனக்கு மூச்சே வாங்கல. யார்ட்டயும் இதைச் சொல்ல முடியல. மயக்கம் போட்டவ, ஓடியிருப்பேன்னு சொன்னா யாரு நம்புவா?"

மன்னித்துக்கொள் என்று சொன்னேன். அவள், "வண்டிய எடுங்க, பின்னாடி பஸ் நிக்குது" என்றாள்.

மார்ச் 15, ஞாயிறு

மது, "அப்பா, காப்பி" என்றாள். டம்ளரை மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். இரண்டு வார்த்தை.

ராத்திரிச் சாப்பாட்டின்போது பூங்கோதை கேட்டாள்: "அடுத்த ஞாயித்துக்கிழமை கார் எடுக்க முடியுமாங்க? பாம்பன் போகணும். நானும் மதுவும் பாலத்துல ஓடிட்டு வர்றோம்."

"பந்தயமா?"

"இல்ல. சும்மா. ஓடணும்."

மார்ச் 22, ஞாயிறு

பாலத்தின் மண்டபம் முனையில் காரை நிறுத்தினேன். வெயில் ஏறவில்லை. பூங்கோதை கைகால்களை உதறிக்கொண்டாள். மது முன்னால் ஓட, இவள் பின்னால் ஓடினாள். கொஞ்ச தூரத்தில் இவள் முன்னால் போனாள். நடைபாதையில் இரண்டு பேரும் சின்னதாகி, மேட்டில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி மறைந்தார்கள். பூங்கோதை ஓடுவதை நான் அதுவரை பின்னாலிருந்து, தள்ளி நின்று பார்த்ததே இல்லை. யாரையும் பார்த்துக்கொள்ள வேண்டியதில்லாமல் ஓடினாள்.

காரில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. இறங்கி நடந்தேன். தரையைப் பார்த்துக்கொண்டு, ரோட்டோரமாக. முதல் விளக்குக் கம்பம் வரை வந்துவிட்டேன். இரண்டாவதை நோக்கிக் கால் எடுத்துவைக்கும் முன் கீழே தண்ணீர்ச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. திரும்பவும் முடியவில்லை, முன்னால் போகவும் முடியவில்லை. கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

சேலம் பக்கத்து வண்டி ஒன்று வந்து நின்றது. கணவன், மனைவி, இரண்டு பெண்பிள்ளைகள். பக்கச்சுவரில் சாய்ந்து வரிசையாக நின்றுகொண்டார்கள். அந்த மனிதர் போனை என்னிடம் நீட்டினார்.

"அண்ணா, ஒரு போட்டோ எடுத்துத் தர்றீங்களா? கொஞ்சம் இந்தப் பக்கம் வந்து, கடல் நல்லாத் தெரியுற மாதிரி."

கை வலி என்று சொல்லலாம். கண்ணாடி கொண்டுவரவில்லை என்று சொல்லலாம். இரண்டும் நாக்கு நுனிவரை வந்தன.

"என்னால அங்க வர முடியாதுங்க" என்றேன். "எனக்குப் பயம்."

அவர் புரியாமல் பார்த்தார். நான் கம்பத்தைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். பெரிய பெண் களுக்கென்று சிரித்தாள், அவள் அம்மா அவளை அதட்டினாள். காது மடல்வரை எனக்குச் சூடு ஏறியது.

"நான் எடுத்துத் தர்றேங்க" என்று பின்னால் ஒரு குரல்.

பூங்கோதை. முகமெல்லாம் வேர்வை, முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. எப்போது வந்தாள், எதுவரை கேட்டாள் என்று தெரியவில்லை. போனை வாங்கி, சுவரோரம் போய், அவர்களைக் கிட்டக்கிட்ட நிற்கச் சொல்லி, நிதானமாக மூன்று படம் எடுத்தாள். வண்டி போயிற்று. மது இன்னும் மேட்டில் வந்துகொண்டிருந்தாள்.

பூங்கோதை என் பக்கத்தில் வந்து நின்று, நான் வந்த தூரத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"தனியாவா வந்தீங்க?"

"ம்."

கை நீட்டுவாள் என்று நினைத்தேன். நீட்டவில்லை. அதற்கு இன்னும் நாளாகும் போலிருக்கிறது, ஆகட்டும். ஆனால் கடலுக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டாள்.

"வாங்க" என்றாள். "மெதுவா."